காரைக்குடி பழைய சாமான் கடைகளில் சிவகாசியைத் தேடி

விருதுநகரிலிருந்து காரைக்குடிக்குக் காலையில் போய்விட்டு ராத்திரி வீடு திரும்பிவிடலாம். அருப்புக்கோட்டை, மானாமதுரை, சிவகங்கை வழியாக ரயில் போகிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமை அப்படிக் கிளம்பினேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழைய சாமான் கடைகளை ஒரு முழு நாள் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இதற்கு முன்னால் இரண்டு தடவை போனதெல்லாம் குடும்பத்தோடு, பிள்ளையார்பட்டி போகிற வழியில், அரை மணி நேரம். "போதும், கிளம்பலாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கடைகளைப் பற்றி இணையத்தில் நிறைய எழுதிவிட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரி: பொக்கிஷம், புதையல், காலப் பயணம். கூடவே பித்தளைக் கூஜாவோடு ஒரு போட்டோ. நான் எழுத நினைப்பது கொஞ்சம் வேறு. இந்தக் கடைகளை ஒரு மியூசியம் மாதிரி நினைத்துப் பார்த்தால் அவை எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன? என்னைப் போல சிவகாசிப் பக்கத்து ஆள் அங்கே போய் நின்றால் அவனுக்கு என்ன கிடைக்கும்? இதுதான் என் கேள்வி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடைகள் அருமை. வாசலில் தேக்குத் தூண்கள் சாத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், பெல்ஜியம் கண்ணாடி, மரப்பாச்சி, பல்லாங்குழி, முறுக்குப் பிழியும் கட்டைகள், பூட்டுகள், சாவிகள். ஒரு பெட்டி நிறைய சாவி மட்டும் இருந்தது, பூட்டு ஒன்றுகூட இல்லாமல். தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். கண்ணாடிக்குள் பூட்டி வைத்த மியூசியத்தில் நடக்காத காரியம் இது.

எனாமல் சாமான்களைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நாட்டின் பெயர் இருக்கும். ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான். செக்கோஸ்லோவாகியா என்ற நாடு 1918இல் பிறந்து 1992 கடைசியோடு முடிந்துபோனது. அதனால் அந்தப் பெயர் இருந்தாலே ஒரு கால எல்லை கிடைத்துவிடும். 'ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1952க்குள். பொருள் தன் வயதைத் தானே சொல்கிறது.

கடைக்காரர் அதைச் சொல்வதில்லை. எல்லாமே "நூறு வருஷம் சார்". இந்தியாவில் 1972ஆம் வருடத்துச் சட்டப்படி 'ஆன்டிக்விட்டி' என்றால் நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும், கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் எழுபத்தைந்து. அவற்றை வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பவும் தடை உண்டு. ஆக, வாங்குகிறவரிடம் "நூறு வருஷம்" என்பது ஆசை காட்டும் வார்த்தை. அதையே சட்டத்திடம் சொன்னால் வில்லங்கம். இதை ஒரு கடைக்காரரிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே, "அப்ப தொண்ணூத்தொம்பதுன்னு வச்சுக்கங்க" என்றார்.

சரி, என் தேடலுக்கு வருகிறேன். நான் தேடிப் போனது காகிதம். சிவகாசிக் காகிதம்.

சிவகாசியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்து 1923இல் இங்கே ஆரம்பித்தார்கள். அப்போது இந்தியச் சந்தையில் ஸ்வீடன்காரர்களும் ஜப்பான்காரர்களும்தான் ராஜா. தீப்பெட்டி வந்தால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். லேபிள் வேண்டும் என்றால் அச்சகம் வேண்டும். 1920களின் கடைசியிலேயே லித்தோ மெஷின் வந்துவிட்டது. 1940களில் பட்டாசுத் தொழிற்சாலைகள் வந்தன, அதற்கும் லேபிள் வேண்டும். அந்த மெஷின்கள் சும்மா நிற்கக் கூடாது என்று காலண்டர், சாமி படம், நோட்டு அட்டை என்று போய், கடைசியில் இந்தியாவே சிவகாசி காலண்டரைச் சுவரில் மாட்டியது. இன்றைக்கும் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிறார்கள்.

இந்த மூன்று தொழிலிலும் ஒரு ஒற்றுமை உண்டு. பட்டாசு வெடித்துவிடும். தீப்பெட்டி காலியானால் குப்பை. காலண்டருக்கு டிசம்பர் 31 வரைதான் ஆயுசு. இத்தனை கோடி அடித்தும் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், அதுவும் யாரோ எடுத்துப் போட மறந்ததால் தப்பியது. சட்டப்படி பார்த்தாலும், 1923இல் ஒட்டிய முதல் லேபிளுக்கு 2023இல்தான் நூறு வயது.

பெரிய கடை ஒன்றில் பின்பக்கம் சாமி படங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் மீனாட்சி கல்யாணம் ஒன்று. கோவில்பட்டி கொண்டையா ராஜூ (1898–1976) பாணி. நம் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு இந்த முகம் மனப்பாடம். கொண்டையா ராஜூ சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தவர். அப்புறம் நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்து, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று சீடர்கள் ஒரு கூட்டமே உண்டு.

இந்தப் படங்களை 'காலண்டர் ஆர்ட்' என்று மட்டமாகச் சொல்வது ஒரு காலத்தில் ஃபேஷன். கஜ்ரி ஜெயின் 2007இல் 'காட்ஸ் இன் த பஜார்' என்று ஒரு முழுப் புத்தகமே எழுதியபிறகு ஆராய்ச்சி உலகில் அந்த நிலைமை மாறிவிட்டது. நான் ஓவியம் படித்தவனில்லை. ஆனாலும் பார்த்தவரைக்கும் சொல்கிறேன். மதுரைக் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் மீனாட்சி கல்யாணச் சிற்பம் இருக்கிறது. நடுவில் தலை குனிந்த மணப்பெண், ஒரு பக்கம் தாரை வார்க்கும் பெருமாள், மறுபக்கம் சிவன். படத்திலும் அதே அமைப்புத்தான். சிற்பம் பழசு, அதில் எதையும் மாற்றவில்லை. பின்னால் தொங்கும் திரையும் தூண்களும் மேலே இருந்து விழும் வெளிச்சமும் நாடக மேடை. நகையைத் தஞ்சாவூர்ப் படம் மாதிரி ஒவ்வொரு கல்லாக வரைந்திருக்கிறார்கள். கோயிலில் இருட்டில், தூரத்தில், கூட்டத்துக்கு நடுவே எட்டிப் பார்க்கிற சாமியை இந்தப் படம் வீட்டுக்குக் கொண்டுவந்து, முகத்துக்கு நேரே, மேடை வெளிச்சத்தில் நிறுத்துகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் இது இருந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ரவி வர்மா படத்தில் சாமி வேறு எங்கோ பார்க்கும், நாம் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம். கோவில்பட்டி சாமி பெரும்பாலும் நம்மைப் பார்க்கும்.

விலை கேட்டேன். ஆறாயிரம். கொஞ்சம் அதிகமில்லையா என்றதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "பிரேமுக்குத்தான் சார் விலை. பர்மா தேக்கு. படம் சும்மா."

சந்தேகம் வந்து லென்ஸை எடுத்தேன். என்னுடைய சின்ன லேப் இதுதான்: ஒரு லென்ஸ், நோட்டு செக் பண்ணுகிற ஒரு யு.வி. டார்ச். கலர் படம் எல்லாமே புள்ளிகளால் ஆனதுதான், பழைய ஆஃப்செட்டிலும் புள்ளி உண்டு. அதனால் படத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. எழுத்தைப் பார்க்க வேண்டும். ஒரிஜினல் அச்சில் கீழே இருக்கும் பதிப்பாளர் பெயர் முழுக் கறுப்பு மையில், ஓரம் வெட்டினாற்போல இருக்கும். பழைய படத்தை ஸ்கேன் செய்து மறுபடி அடித்தால் கறுப்பு எழுத்துகூட நான்கு கலர்ப் புள்ளியாக உடைந்துவிடும். ஸ்கேனருக்கு எழுத்து, படம் என்ற பேதம் தெரியாது, அதற்கு எல்லாமே பிக்சல். இந்தப் படத்தில் எழுத்து உடைந்திருந்தது. அதைவிட வேடிக்கை, ஓரத்தில் இருந்த பழுப்புக் கறையும் புள்ளி புள்ளியாக இருந்தது. கறையையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். யு.வி. வெளிச்சத்தில் தாள் பளீரென்று நீலமாக ஜொலித்தது. தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் பரவலானது 1950களுக்குப் பிறகுதான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பிரேம் பழசு என்றார், பிரேம் நிஜமாகவே பழசுதான். படம் சும்மா என்றார், அதுவும் சரிதான். ஒருவேளை அதையும் சிவகாசியிலேயே அடித்திருக்கலாம். தன்னுடைய பழசைத் தானே புதிதாக அடித்துக்கொள்ளும் சாமர்த்தியம் எங்கள் ஊருக்கு உண்டு.

என் முதல் குறை இதுதான். இந்தத் தெருவில் விலை என்பது மரத்துக்கு, உலோகத்துக்கு, தூர தேசத்துக்கு. ஸ்வீடன் தூக்குக்கு முன் வரிசை. சிவகாசித் தாளுக்கு பிரேமின் முதுகைத் தாங்குகிற வேலை. தூரத்திலிருந்து வந்தால்தான் மதிப்பு என்ற கணக்கு செட்டிநாட்டு வீடுகளுக்குப் பொருத்தமானதுதான். பர்மா தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இத்தாலிப் பளிங்கும் வைத்துக் கட்டிய வீடுகள் அவை. அந்த வீடு உடைந்தபிறகும் அதே கணக்குத் தொடர்கிறது.

இரண்டாவது குறை பெரியது. ஒரு பொருளுக்குக்கூட எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் "பக்கத்துலதான் சார்". முதலில் இதை அசட்டை என்று நினைத்தேன். ஒரு வயதான கடைக்காரர் எனக்குப் புரியவைத்தார். "தம்பி, ஒரு வீட்டுக்கு முப்பது நாப்பது பங்கு. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர். ரிப்பேர் பாக்க முடியல, விக்கிறாங்க. வித்தாங்கன்னு ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு ராத்திரிதான் லாரி வரச் சொல்வாங்க. நான் சீட்டு எழுதி மாட்டுனா அடுத்த வீட்டுக்காரன் என்னைக் கூப்பிடுவானா? நாங்க எடுக்கலன்னா எல்லாம் காயலான் கடைக்குத்தான் போகும்."

நியாயமான பதில். இதைக் கேட்டபிறகு, கடைகள் வரலாற்றை அழிக்கின்றன என்று ஒரேயடியாக எழுதிவிட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வீட்டின் பெயர் இல்லாமல் ஊரின் பெயரை மட்டும் எழுதலாமே. வாங்கிய வருடத்தை எழுதலாமே. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அது என்ன வீடு, யார் எப்படி அதில் வாழ்ந்தார்கள் என்று படிக்க முடிகிறது. செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் ஊர் இருக்க, ஊரின் தூண் பெயரில்லாமல் தெருவில் சாய்ந்து நிற்கிறது.

மதியம் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கடைக்குள் போனேன். அங்கே ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் தீப்பெட்டி லேபிள்கள், எண்பது தொண்ணூறு இருக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒன்று நூற்றைம்பது ரூபாய். இந்த லேபிள்களுக்கு இப்போது ஒரு கூட்டம் இருக்கிறது. பெங்களூரில் காபி கடையில் பிரேம் போட்டு மாட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொன்றாக எடுத்து வயதைக் கணித்தேன். உங்களுக்கும் உபயோகப்படும் என்பதால் என் கணக்கைச் சொல்கிறேன். 'ராம்நாட் ஜில்லா' என்று இருந்தால் 1985 மார்ச்சுக்கு முன், அப்போதுதான் எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றால் 1969க்கு முன். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். விலை அணாவில் இருந்தால் 1957க்கு முன், 'நயா பைசா' என்றால் 1957க்கும் 1964க்கும் நடுவில். தமிழ் எழுத்தில் பழைய கொம்பு வைத்த லை, னை இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன். ஆனால் எச்சரிக்கை: அச்சகக்காரர் பழைய அச்சை லேசில் தூக்கிப் போட மாட்டார். மாவட்டம் மாறினாலும் இருக்கிற பிளாக்கையே இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவார். ஒரே ஒரு அடையாளத்தை நம்பக் கூடாது, இரண்டு மூன்று சேர்ந்து ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

இரண்டு கிளி போட்ட ஒரு லேபிளை எடுத்துக்கொண்டேன். சிவப்பு, பச்சை, மஞ்சள், மூன்றே கலர். பச்சை கொஞ்சம் விலகி விழுந்து கிளிக்கு இரண்டு முதுகு. ராம்நாட் ஜில்லா, மெட்ராஸ் ஸ்டேட் இரண்டும் இருந்தது. அப்படியென்றால் 1950க்கும் 1969க்கும் இடையில். புத்தியில்லாமல் பேரம்கூடப் பேசவில்லை. நூற்றைம்பது கொடுத்தேன்.

இதில் எனக்கு ஒரு சொந்த விஷயம் இருக்கிறது. என் அம்மா சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டினவர். அறுபதுகளில். ஆபீஸிலிருந்து சாமான் வீட்டுக்கு வரும் (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்). அம்மா, பெரியம்மா, ஆச்சி எல்லாரும் உட்கார்ந்து ஒட்டுவார்கள். கணக்கு குரோசில், ஒரு குரோஸ் நூற்று நாற்பத்து நாலு பெட்டி. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. அவர் பிள்ளை பி.இ. படித்ததற்கும் உண்டு.

ராத்திரி வீட்டுக்கு வந்து லேபிளை அம்மா கையில் கொடுத்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. சந்தோஷப்படுவார் என்றோ, பழைய கதை சொல்வார் என்றோ. அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். விரலால் தடவினார்.

"இது ஒட்டாத தாளுய்யா."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒட்டுன தாளுன்னா பின்னால பசை இருக்காதா? பெட்டியில நீலத்தாளு சுத்தியிருக்கும். பிச்சா அதுவும் கூடத்தான வரும். இது கட்டுலருந்து அப்படியே எடுத்தது. என்ன விலைய்யா?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு தாளு கிழிஞ்சா அன்னைக்குக் கூலியில பிடிப்பாக" என்றார். அப்புறம் தோசைக்கு மாவு எடுக்கப் போய்விட்டார்.

லென்ஸும் டார்ச்சும் வைத்து நான் கண்டுபிடிக்காததை அம்மா விரலால் கண்டுபிடித்தார். மறுபடி எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். சேகரிப்பவர்கள் சுத்தமான லேபிளைத்தான் விரும்புவார்கள். சுத்தமான லேபிள் என்றால் ஒட்டாத லேபிள். ஒட்டாத லேபிள் என்றால் அச்சகத்திலிருந்தோ ஆபீஸிலிருந்தோ கட்டாக வெளியே போனது, ஒட்டுகிறவர் கையில் படாதது. நாம் பிரேம் போட்டு மாட்டுவது அதைத்தான். பசை காய்ச்சியவர், ஒட்டியவர், குச்சி அடுக்கியவர் கை பட்டதெல்லாம் அடுப்படியோடு போய்விட்டது. ஆகவே லேபிள் சேகரிப்பு தீப்பெட்டித் தொழிலின் நினைவு என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அச்சின் நினைவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இது காரைக்குடிக் கடையின் தப்பு மட்டுமில்லை. லேபிளைப் பற்றி வரும் அழகான படப் புத்தகங்கள், கண்காட்சிகள் எல்லாவற்றிலும் இந்தச் சாய்வு இருக்கிறது. கிளி அழகு, மயில் அழகு, ஸ்பெல்லிங் மிஸ்டேக் அழகு. இதே வட்டாரத்தில் குழந்தைகள் குச்சி அடுக்கினார்கள் என்பதால்தான் 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிவகாசி பெயரும் வந்தது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு விபத்தில் குறைந்தது 38 பேர் செத்தார்கள். அந்தத் தொழிற்சாலைகளும் லேபிள் ஒட்டித்தான் சரக்கை அனுப்பின. லேபிளை ரசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே ரசித்துத்தான் வாங்கினேன். ரசிக்கும்போது பின்பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள் என்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. பதினான்கு வருடம் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. ஒரு குரோஸ் தீப்பெட்டி 288 ரூபாய். என் ஒரு லேபிளின் விலையில் அரைக் குரோசுக்கு மேலேயே, குச்சியோடு, வாங்கலாம்.

என்ன செய்யலாம்? பெரிய மியூசியம் கட்டச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு எழுதுவது ஒரு வழி. அது நடக்கும்போது நடக்கட்டும். நம் கையில் இருப்பதைச் செய்யலாம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய காலண்டர், லேபிள், பட்டாசுப் பெட்டி இருந்தால் முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். யார் வீடு, எந்த ஊர், எப்போது என்று பின்னால் பென்சிலில் எழுதுங்கள், பேனா வேண்டாம். ஒட்டின பெட்டி, கிழிந்த பெட்டி, பசை வழிந்த பெட்டி கிடைத்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், சுத்தமான லேபிளைவிட அதில் விவரம் அதிகம். முக்கியமாக, ஒட்டினவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எழுபது எழுபத்தைந்து வயது ஆகிறது. அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கிளி லேபிளின் பின்னால் நான் பென்சிலில் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: 'காரைக்குடியில் வாங்கியது, ரூ. 150. 1950–69. ஒட்டாத தாள் (அம்மா சொன்னது).'

அந்த பிஸ்கட் டின்னில் இன்னும் எண்பது சொச்சம் லேபிள் இருக்கிறது. அடுத்த மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். "அதைப் பாக்க அவ்வளவு தூரமா?" என்று கேட்டார். பிள்ளையார்பட்டியும் போகலாம் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.